குளிர்கால மவுண்டன் பைக் டயர்: முதலில் மண், அடுத்து ரப்பர், அதற்கப்புறம்தான் பட்டன்

பிரிட்டனில் அக்டோபர் கடைசியில் நனைகிற மண் மார்ச் வரை முழுசாகக் காய்வதில்லை. மழை விட்டு மூன்று நாளானாலும் காட்டுக்குள் வெயில் இறங்காது. உதிர்ந்த இலைகள் ஈரத்தை மூடிவைத்துக்கொள்ளும். கோடையில் போட்ட டயரோடே இந்த ஐந்து மாதத்தையும் ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். முன்சக்கரம் ஒருமுறை வழுக்கிக் கீழே தள்ளியதும் கடைக்குப் போய், எதில் பட்டன், அதாவது டயரின்மேல் துருத்தி நிற்கும் ரப்பர் முனை, உயரமாக இருக்கிறதோ அதை வாங்கிவருவார்கள். பலருக்கு அது உதவுவதில்லை. உயரமான பட்டன் ஆழமான, இளகிய சேற்றுக்கு மட்டும்தான் மருந்து. நாம் ஓட்டும் ஈரத் தடங்களில் அப்படிப்பட்ட சேறு ஒரு பகுதிதான். மீதியெல்லாம் ஈர வேர், ஈரக் கல், மேலே ஒரு விரல்கடை வழுக்கல் படிந்த கெட்டித் தரை.

மண்ணைப் பார்த்துத்தான் தொடங்கவேண்டும்

நீங்கள் வாரந்தோறும் ஓட்டுகிற இடத்தின் மண்ணைத் தெரிந்துகொள்ளப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. மழைக்கு மறுநாள் ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பாருங்கள். உடையாமல் நீளமான திரியாக வந்தால் களிமண். உருட்டும்போதே உதிர்ந்தால் மணல். பிழிந்தால் கறுப்புத் தண்ணீர் வழிந்து நார் மிஞ்சினால் சதுப்பு மண். இந்த ஒரு சோதனை, கடைக்காரர் கேட்கும் பத்துக் கேள்விக்குச் சமம்.

சர்ரே ஹில்ஸில் லீத் ஹில், ஹோம்பரி ஹில், பிட்ச் ஹில் மூன்றும் மணற்பாறைக் குன்றுகள். தண்ணீர் சீக்கிரம் கீழே இறங்கிவிடும். லண்டன் பக்கத்து ஆட்கள் குளிர்காலத்தில் அங்கே கூடுவதற்கு அதுவே காரணம். அங்கே சேற்றுக்கென்றே செய்த முழு மட் டயர் போட்டால் ஏற்றத்தில் இழுவைதான் மிச்சம். அதே குன்றுகளிலிருந்து தெற்கே இறங்கினால் வீல்டு களிமண் வந்துவிடும். அங்கே மண் டயரில் அப்பி, ஃப்ரேமுக்கும் டயருக்கும் நடுவே அடைத்து, சக்கரம் சுற்றாமல் நின்றுபோகும். இரண்டு மண்ணுக்கும் இடையே சில கிலோமீட்டர்தான் தூரம், தேவைப்படும் டயரோ முற்றிலும் வேறு.

வின்செஸ்டரிலிருந்து ஈஸ்ட்போர்ன் வரை 160 கி.மீ. போகிற சவுத் டவுன்ஸ் வே பெரும்பாலும் சாக் என்னும் வெள்ளை மென்சுண்ணாம்புப் பாறைமேல் ஓடுகிறது. சாக் நனைந்தால் மேலே ஒரு வெண்பசை கிளம்பும். பாசி பிடித்த கிணற்றடிப் படி மாதிரி வழுக்கும். அடியில் கெட்டிப் பாறை, பட்டன் எவ்வளவு உயரமாக இருந்தாலும் இறங்குவதற்கு இடமில்லை. கூடவே ஃபிளின்ட் கற்கள் சிதறிக் கிடக்கும். உடைந்த ஃபிளின்ட்டின் விளிம்பு டயரின் பக்கச்சுவரைக் கத்தியாக அறுக்கும். சில்டர்ன்ஸ் மலைகளில் இன்னும் மோசம்: சாக்கின்மேல் ஃபிளின்ட் கலந்த களிமண், அதன்மேல் பீச் மரத்து இலை. மூன்று தொல்லையும் ஒரே இடத்தில்.

பீக் டிஸ்ட்ரிக்டின் வடபகுதியான டார்க் பீக்கில் கிரிட்ஸ்டோன். சொரசொரப்பான கல், நனைந்தாலும் பிடிக்கும். தெற்கே ஒயிட் பீக்கில் சுண்ணாம்புக் கல். காலும் சக்கரமும் பட்டு மெருகேறிய இடங்கள் நனைந்தால் நம்பவே முடியாது. தெற்கு வேல்ஸின் அஃபான், பைக்பார்க் வேல்ஸ் போன்ற இடங்களில் தடங்களைக் கல் போட்டுக் கட்டியிருக்கிறார்கள், தண்ணீர் வடிந்துவிடும். அங்கே தேவை நல்ல ரப்பரும், டயரின் உடலான கேசிங் தடித்திருப்பதும். ஸ்காட்லாந்தின் ட்வீட் வேலியில், இன்னர்லீதனுக்கு மேலே, செங்குத்தான ஸ்ப்ரூஸ் காடு. மேலே மட்கிய மென்மண், உள்ளே வேர்ப் பின்னல். மண்ணுக்குள் இறங்கும் பட்டனும் வேரைப் பிடிக்கும் ரப்பரும் ஒன்றாகத் தேவைப்படுகிற தடங்கள் அவை.

மட் டயரின் உயரப் பட்டன் எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும். அது சேற்றைப் பிடிப்பதில்லை. சேற்றைத் துளைத்துக்கொண்டு அடியில் இருக்கும் கெட்டி அடுக்கைத் தொட்டுப் பிடிக்கிறது. எனவே சேற்றின் ஆழம் பட்டனின் உயரத்துக்குள் இருந்தால் டயர் பிரமாதம். சேறே இல்லாமல் வெறும் கல்லும் வேரும் மட்டும் இருந்தால் அந்த மெல்லிய உயரப் பட்டன் மடங்கும், அடியில் தரையைத் தொடும் ரப்பரின் பரப்பும் குறைவு. ஈர வேரில் மட் டயர், சாதாரண டயரைவிட மோசமாக வழுக்குவது இதனால்தான்.

ரப்பர்: பணத்தை இங்கே செலவழியுங்கள்

ஈரமான கல்லிலும் வேரிலும் வித்தியாசம் காட்டுவது ரப்பர் கலவை. வழவழப்பான மேற்பரப்பில் பட்டன் கடித்துப் பிடிக்க எதுவும் கிடையாது. ரப்பர் அந்தப் பரப்பின் நுண்ணிய மேடுபள்ளத்தில் படிந்து ஒட்டவேண்டும். மென்மையான, மெதுவாக மீளும் ரப்பர் அப்படிப் படியும். கெட்டியான ரப்பர் மேலே துள்ளிப் போய்விடும். குளிரில் இது இன்னும் கூடும். வெப்பம் குறையக் குறைய எல்லா ரப்பரும் இறுகும். கோடையில் 20 டிகிரியில் நன்றாகப் பிடித்த நடுத்தரக் கலவை 3 டிகிரியில் வேறு டயராக நடந்துகொள்ளும்.

கடையில் நிற்கும்போதே இதைக் கையால் சோதிக்கலாம். ஓரத்துப் பட்டன் ஒன்றைக் கட்டைவிரலால் பக்கவாட்டில் நன்றாக மடக்கி, சட்டென்று விடுங்கள். கெட்டி ரப்பர் உடனே ‘டக்’கென்று நிமிரும். மென்மையான கலவை சோம்பலாக, கண்ணுக்குத் தெரிகிற வேகத்தில் எழுந்து நிற்கும். இரண்டு டயரையும் அருகருகே வைத்துச் செய்தால் சந்தேகமே வராது. ஒரே அறையில், ஒரே வெப்பத்தில் இருந்த டயர்களைத்தான் இப்படி ஒப்பிடவேண்டும்.

கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும். மேக்சிஸில் மென்மையானது மேக்ஸ்கிரிப், அடுத்தது மேக்ஸ்டெர்ரா, விலை குறைந்த மாடல்களில் டூயல் காம்பவுண்ட். ஷ்வால்பேயின் ஆடிக்ஸ் வரிசையில் டயரின் நடுவே ஓடும் வண்ணக்கோடே அடையாளம்: ஊதா என்றால் அல்ட்ரா சாஃப்ட், ஆரஞ்சு சாஃப்ட், நீலம் ஸ்பீட்கிரிப், சிவப்பு ஸ்பீட். கான்டினென்டல் 2022-இல் கொண்டுவந்த வரிசையில் சூப்பர்சாஃப்ட், சாஃப்ட், எண்டியூரன்ஸ் என்று மூன்று. ஸ்பெஷலைஸ்டில் டி9 மென்மை, டி7 அதற்கடுத்த படி.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். டயரின் மாடல் பெயரை மட்டும் பார்த்து வாங்குவார்கள். மேக்சிஸின் மினியன் டிஹெச்ஆர் டூ என்ற ஒரே பெயரில் கலவையும் கேசிங்கும் மாறி மாறிப் பல வகை விற்பனையில் இருக்கின்றன. தள்ளுபடியில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் கெட்டிக் கலவையும் மெல்லிய கேசிங்கும் சேர்ந்தது. புது சைக்கிளோடு கம்பெனியே போட்டுத் தருவதும் பெரும்பாலும் அந்த வகைதான். பக்கச்சுவரில் அச்சிட்டிருக்கும் எழுத்து முழுவதையும் படியுங்கள். ஆன்லைனில் வாங்கினால் தலைப்பில் கலவையின் பெயரும் கேசிங்கின் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

இரண்டு சக்கரத்துக்கும் மென்மையானதே வேண்டுமா என்றால், வேண்டாம். முன்சக்கரம் வழுக்கினால் விழுவீர்கள். பின்சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். மேலும் உடல் எடையின் பெரும்பங்கும் மிதியின் இழுவையும் பின்சக்கரத்தின்மேல். அங்கே மேக்ஸ்கிரிப் மாதிரியான கலவையைப் போட்டால் ஏற்றத்தில் கால் கனக்கும், டயரும் ஒரு குளிர்காலத்துக்குள்ளேயே தேய்ந்துவிடும். முன்னால் மிக மென்மை, பின்னால் ஒரு படி கெட்டி: குளிர்காலத்தில் இந்த ஏற்பாட்டை எந்தச் சைக்கிளுக்கும் தயங்காமல் சொல்வேன். கையில் ஒரு டயருக்கு மட்டும் பணம் இருக்கிறதென்றால் அது முன்சக்கரத்துக்கு.

பட்டனின் உயரமும் இடைவெளியும்

ஈரத்துக்கான டயர்களை மூன்று ரகமாகப் பார்க்கலாம். பட்டன்கள் அகலமாகவும் நெருக்கமாகவும் நிற்கும் எல்லாக்காலத்து டயர் ஒன்று, மேக்சிஸ் அசகாய் இதற்கு நல்ல உதாரணம். மேக்ஸ்கிரிப் கலவையில் அசகாயை முன்னால் போட்டால் ஈர வேரிலும் கல்லிலும் அதைவிட நம்பிக்கையான டயர் அரிது. ஆனால் பட்டன்களுக்கு நடுவே இடம் குறைவு. களிமண்ணில் சீக்கிரம் அடைத்துக்கொண்டு மொட்டை டயராகிவிடும்.

இரண்டாவது ரகம் நடுவாந்தரம். ஷ்வால்பே மேஜிக் மேரி, கான்டினென்டல் ஆர்கோட்டால், மேக்சிஸ் ஷார்ட்டி, ஸ்பெஷலைஸ்டு ஹில்பில்லி எல்லாம் இதில் சேரும். பட்டன்கள் தள்ளித் தள்ளி நிற்கும், ஓரளவு உயரம், அடிப்பாகம் தடிமன். சேற்றிலும் இறங்கும், கல்லில் பட்டால் உடனே மடங்கவும் மடங்காது. நவம்பர் முதல் மார்ச் வரை ஒரே முன் டயரோடு ஓட்டவேண்டும், மண்ணும் வேரும் கலந்த தடம் என்றால் இந்த ரகத்தில்தான் தேடவேண்டும். மேஜிக் மேரி அசகாய் பக்கம் சாய்ந்தது, ஷார்ட்டி சேற்றின் பக்கம் சாய்ந்தது.

மூன்றாவது முழு ஸ்பைக். மேக்சிஸ் வெட்ஸ்க்ரீம், ஷ்வால்பே டர்ட்டி டான், கான்டினென்டல் ஹைட்ரோட்டால். தொடர் மழையில் ஊறிப்போன செங்குத்து இறக்கத்துக்கு இவை அற்புதம். டவுன்ஹில் பந்தயங்களில் மெக்கானிக்குகள் இந்த ஸ்பைக்கின் நுனியைக் கட்டிங் ப்ளையரால் வெட்டிக் குட்டையாக்குவது வழக்கம். வெட்டினால் மடங்குவது குறையும், உருளுவதும் எளிதாகும். வீட்டிலும் செய்யலாம்: நடுவரிசையில் மட்டும் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கை நறுக்குங்கள், ஓர வரிசையைத் தொடாதீர்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை 30 கி.மீ. சுற்றுகிறவருக்கு இந்த ரகம் தேவைப்படுவது அபூர்வம். தார் ரோட்டில் இரண்டு கிலோமீட்டர் ஓட்டினாலே ஏன் போட்டோம் என்றிருக்கும்.

பட்டன் இடைவெளியைப் பற்றி இன்னொன்று. டயர் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்வது வேகத்தால்தான். இறக்கத்தில் சக்கரம் வேகமாகச் சுற்றும்போது மண் தெறித்துப் போகும். ஏற்றத்தில் ஆமை வேகத்தில் மிதிக்கும்போது எந்த டயரும் மண்ணைத் தூக்கி எறியாது. அதனால் ஏறி முடித்து இறங்கத் தொடங்கும் முதல் வளைவு எப்போதும் ஆபத்து. டயர் முழுக்க மண் அடைத்திருக்கும். இறக்கத்தின் தலைப்பில் நேரான பகுதியில் சில மீட்டர் வேகமாக மிதித்துவிட்டு, முன் டயரில் பட்டன் வெளியே தெரிகிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு வளைவுக்குள் போங்கள்.

பின் டயரில் பார்க்கவேண்டியது பிரேக் பிடிக்கும் விளிம்பு. பட்டனின் பின்பக்கம் செங்குத்தாக, கூர் மழுங்காமல் இருக்கவேண்டும். டிஹெச்ஆர் டூ இதில் கெட்டிக்கார டயர். நடுவில் அகலமான பட்டன்கள் துடுப்பாக நிற்பதால் ஈர மண்ணில் ஏறும்போதும் இழுவை கிடைக்கும்.

அகலமும் 6 மி.மீ. ஆலன் கீயும்

வறண்ட மணலில் அகலமான டயர் மிதந்து போகும், நல்லது. சேற்றில் அந்த மிதப்பே எதிரி. 2.6 அங்குல டயர் மேலேயே நின்று வழுக்கும், 2.3 அல்லது 2.4 அறுத்துக்கொண்டு உள்ளே இறங்கும். ரிம்மின் உள் அகலம் 30 மி.மீ. என்றால் 2.4 சரியாக உட்காரும். அதைவிட ஒடுக்கமான டயரை அகல ரிம்மில் போட்டால் தலை தட்டையாகி ஓரப் பட்டன்கள் மேலே ஏறிவிடும், வளைவில் சாயும்போது பக்கச்சுவர் தரையில் உரசும்.

வாங்குவதற்கு முன் ஃப்ரேமில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். மல்டிடூலில் உள்ள 6 மி.மீ. ஆலன் கீ போதும். காற்று முழுசாக அடித்த டயரின் ஓரப் பட்டனுக்கும், பின்சக்கரத்தின் பக்கவாட்டில் ஓடும் ஃப்ரேம் குழாயான செயின்ஸ்டேவுக்கும் நடுவே அதை நுழைத்து, சக்கரத்தை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுங்கள். எங்காவது இறுகினால் அந்தச் சைக்கிளில் அந்த டயர் களிமண்ணுக்கு ஆகாது. இரு செயின்ஸ்டேக்களையும் இணைக்கும் குறுக்குப் பாலத்தையும் முன் ஃபோர்க்கின் வளைவையும் இதேபோல் பாருங்கள். ஃபோர்க்கில் கட்டும் பிளாஸ்டிக் மட்கார்டு சில மில்லிமீட்டரைத் தின்றுவிடும் என்பதைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. இடம் போதாமல் மண் அடைத்தால் சக்கரம் நிற்பதோடு போகாது. அந்த மண்ணில் உள்ள மணல் உப்புத்தாளாகத் தேய்த்து, கார்பன் ஃப்ரேமாக இருந்தால் நாரையே வெளியே காட்டிவிடும். குளிர்காலம் தொடங்குமுன் செயின்ஸ்டேயின் உட்பக்கத்தில் தடித்த பாதுகாப்பு டேப் ஒட்டிவிடுங்கள்.

கேசிங்கும் காற்றும்

ஈரத்தில் காற்றைக் குறைக்கவேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். குறைத்த காற்றைத் தாங்கும் கேசிங் வேண்டும் என்பதை மறந்துவிடுகிறோம். மெல்லிய கேசிங்கில் காற்றைக் குறைத்தால் வளைவில் டயர் நெளியும், கல்லில் ரிம் இடிக்கும், பக்கவாட்டில் அழுத்தும்போது ரிம்மில் உட்காரும் டயர் விளிம்பான பீட் விலகிக் காற்று ‘புஸ்’ஸென்று வெளியேறும். தடித்த கேசிங் தானாகவே நிமிர்ந்து நிற்கும். அதோடு ஒரு வேரில் மோதினால் துள்ளாமல் அதிர்வை உள்வாங்கிக்கொள்ளும். ஈர வேரில் சைக்கிள் பக்கவாட்டில் எகிறுவதை இது பெருமளவு அடக்கும்.

மேக்சிஸில் இந்த வரிசை எக்ஸோ, எக்ஸோ ப்ளஸ், டபுள்டவுன், டிஹெச். 29 அங்குல 2.4 டயரில் எக்ஸோ 1 கிலோவை ஒட்டியும் டபுள்டவுன் 1.2 கிலோவுக்கு மேலும் வரும். ஷ்வால்பேயில் சூப்பர் கிரவுண்டு, சூப்பர் ட்ரெயில், சூப்பர் கிராவிட்டி என்று கனம் ஏறும். சாதாரண ட்ரெயில் சைக்கிளுக்கு முன்னால் எக்ஸோ ப்ளஸ் தரமும் பின்னால் டபுள்டவுன் தரமும் பொருந்தும். சவுத் டவுன்ஸ், சில்டர்ன்ஸ் பக்கம் ஃபிளின்ட்டில் ஓட்டுகிறவர்கள் பின்னால் மெல்லிய கேசிங் போடவே கூடாது. மழை ஃபிளின்ட்டைக் கழுவி வெளியே கொண்டுவரும். ஈர ரப்பர் உலர்ந்த ரப்பரைவிடச் சுலபமாக அறுபடவும் செய்யும்.

காற்றுக்கு ஒரு தொடக்க அளவு: சாமான்களோடு 75 கிலோ எடை, 29 அங்குலம், 2.4 அகலம், உள்ளே ட்யூப் இல்லாத ட்யூப்லெஸ் என்றால் முன்னால் 20 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு), பின்னால் 23. எடை 10 கிலோ கூடினால் இரண்டிலும் ஏறத்தாழ 2 கூட்டுங்கள். அங்கிருந்து ஒவ்வொரு முறையும் 1 பிஎஸ்ஐ மட்டும் மாற்றி, அதே தடத்தில் அதே வளைவில் ஓட்டிப் பாருங்கள். வளைவில் டயர் தாமதமாகத் திரும்புவதுபோல் இருந்தாலோ, ரிம் கல்லில் இடிக்கும் சத்தம் கேட்டாலோ காற்று குறைவு. சின்ன வேரில்கூட முன்சக்கரம் தட்டி விலகினால் அதிகம். பம்பில் உள்ள முள்ளை நம்பாதீர்கள். கையடக்க டிஜிட்டல் கேஜ் ஒன்று வாங்கி, எப்போதும் அதையே பயன்படுத்துங்கள். அது காட்டும் எண் 1 பிஎஸ்ஐ தவறாக இருந்தாலும் பரவாயில்லை, எப்போதும் ஒரே மாதிரி தவறினால் போதும்.

குளிரில் ஒரு கணக்கு உண்டு. வீட்டுக்குள் 18 டிகிரியில் 22 பிஎஸ்ஐ வைத்துவிட்டு, 3 டிகிரியில் நிற்கும் காட்டுக்குப் போனால் டயரில் இருப்பது 20 பிஎஸ்ஐதான். வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்தால் டயருக்குள் மொத்தம் 36.7 பிஎஸ்ஐ. 15 டிகிரி குறைந்தால் அதில் சுமார் 5 சதவீதம் போய்விடும், அதாவது 2 பிஎஸ்ஐக்குக் கொஞ்சம் குறைவு. ஈரத்துக்காக வீட்டிலேயே 2 குறைத்து, குளிர் இன்னொரு 2 குறைத்தால் ரிம் அடிவாங்கும். தடத்தின் வாசலில், சைக்கிளைக் காரிலிருந்து இறக்கிக் கால்மணி நேரம் கழித்து, அங்கேதான் காற்றைச் சரிபார்க்கவேண்டும்.

டயருக்குள் வைக்கும் நுரை வளையங்களான இன்சர்ட்டுகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ரிம்மைக் காப்பாற்றும், பக்கச்சுவருக்கு முட்டுக்கொடுக்கும். ஆனால் குளிரில் மரத்த கைகளோடு காட்டு நடுவில் கழற்றவேண்டி வந்தால் பெரும்பாடு. போட்டால் பின்சக்கரத்துக்கு மட்டும்.

மாட்டும்போது

குளிரில் கிடந்த டயரின் பீட் விறைத்திருக்கும். முதல் நாளே மடிப்பைப் பிரித்து வீட்டுக்குள் கதகதப்பான இடத்தில் தொங்கவிடுங்கள். பக்கச்சுவரில் உள்ள அம்புக்குறியைப் பார்த்து மாட்டுங்கள். நடு வரிசையின் சாய்வு தலைகீழாகிவிட்டால் டயர் கனமாக உருளும், பிரேக்கும் சரியாகப் பிடிக்காது. ரிம் டேப்பின் ஓரம் தூக்கியிருந்தால் அப்படியே விடாதீர்கள். குளிர்காலம் முழுக்கத் தண்ணீரும், ஓட்டையை அடைக்க டயருக்குள் ஊற்றும் திரவமான சீலன்ட்டும் அதற்குள் புகுந்து, ஸ்போக் துளை வழியாக மெல்லக் காற்று இறங்கும். காரணம் தெரியாமல் வாரக்கணக்கில் அலைவீர்கள். பழைய டேப்பை உரித்து, ரிம்மை ஆல்கஹாலால் துடைத்து, உள் அகலத்தைவிட 2 முதல் 3 மி.மீ. அகலமான புது டேப்பை இழுத்து ஒட்டுங்கள்.

பீட் மேல் சோப்புத் தண்ணீர் தடவிக் காற்று அடித்தால் இருபக்கமும் ‘டப், டப்’பென்று உட்காரும். பக்கச்சுவரில் போட்டிருக்கும் உச்ச அளவையும் ரிம்மின் உச்ச அளவையும் பாருங்கள், இரண்டில் எது குறைவோ அதைத் தாண்டாதீர்கள். பீட்டை ஒட்டி ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே உயரத்தில் தெரிந்தால் டயர் நேராக உட்கார்ந்துவிட்டது. 29 அங்குல 2.4 டயருக்கு 100 முதல் 120 மி.லி. சீலன்ட். பாட்டிலை நன்றாகக் குலுக்கி ஊற்றவேண்டும், ஓட்டையை அடைக்கும் துகள்களெல்லாம் அடியில் தங்கியிருக்கும். வால்வின் கோரைக் கழற்றி ஒரு மெல்லிய குச்சியை விட்டுப் பார்த்து, நனையாமல் வந்தால் மறுபடி 60 மி.லி. சேருங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்தால் போதும்.

புது டயர் பளபளவென்று இருக்கும். அச்சிலிருந்து வந்த வழவழப்பு அது. முதல் சில கிலோமீட்டர் ரோட்டிலும் சரளையிலும் ஓட்டித் தேய்த்த பிறகே ஈர வேருக்கு எடுத்துப் போகவேண்டும்.

தேய்மானத்தைப் பார்க்கும்போது நடு வரிசையோடு நிறுத்திவிடாதீர்கள். ஓர வரிசைப் பட்டன்களின் அடியை விரலால் பிரித்துப் பாருங்கள். மென்மையான கலவையில் அங்கேதான் முதலில் கிழிசல் தொடங்கும். விளிம்பு வட்டமாகிவிட்ட முன் டயர் இன்னும் உயரமாகத் தெரிந்தாலும் ஈரத்துக்கு அதன் ஆயுள் முடிந்தது. அதைக் கோடையில் பின்னால் போட்டுக்கொள்ளலாம். பின்னால் தேய்ந்ததை முன்னால் மாற்றுவது மட்டும் வேண்டாம்.

பனிக்கட்டி வேறு விஷயம். சேற்றுக்கு எந்த டயர் போட்டாலும் உறைந்த தண்ணீரின்மேல் ரப்பர் நிற்காது. அதற்கு உலோக ஆணி பதித்த டயர்தான் வேண்டும், ஷ்வால்பே ஐஸ் ஸ்பைக்கர் ப்ரோ அந்த வகை. தெற்கு இங்கிலாந்தில் அதற்குப் பணம் போடுவது வீண், ஸ்காட்லாந்தின் மேட்டு நிலங்களில் ஜனவரியில் ஓட்டுகிறவர்கள் யோசிக்கலாம். நல்ல உறைபனியால் மண் கெட்டியாகி, ஆனால் மேலே ஐஸ் இல்லாத காலை நேரம் குளிர்காலத்தின் மிகச் சிறந்த தடம். அன்றைக்கு 1 பிஎஸ்ஐ கூட்டி ஓட்டுங்கள்.

நல்ல டயர் இருக்கிறது என்பதற்காக எல்லா இடத்திலும் ஓட்டக்கூடாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1968-ஆம் ஆண்டின் கிராமப்புறச் சட்டம் பிரைடில்வே என்னும் குதிரைப் பாதைகளில் சைக்கிள் ஓட்ட உரிமை கொடுத்தது. அந்த உரிமையைக் குதிரைக்காரர்களோடும் நடப்பவர்களோடும் பகிர்ந்துகொள்கிறோம். டார்க் பீக்கின் சதுப்பு நிலத் தடங்களில் ஊறிய நாளில் ஓட்டினால் ஒவ்வொரு டயரும் ஒரு வாய்க்கால் வெட்டும். அடுத்தவர் அதைத் தவிர்க்கப் பக்கத்துப் புல்லில் ஓட்ட, தடம் பத்தடி அகலச் சகதியாகும். அந்த மாதிரி நாட்களில் மணற்பாறைக்கோ கல் பாவிய ட்ரெயில் சென்டருக்கோ போய்விடுங்கள். சேறு நடுவில் இருந்தால் நடுவிலேயே ஓட்டுங்கள், சுற்றிப் போகாதீர்கள்.

ஏப்ரலில் தடம் காய்ந்து, தார் ரோட்டில் முன் டயர் ஊளையிடத் தொடங்கினால் கழற்றும் நேரம். கெட்டித் தரையில் உயரப் பட்டனோடு ஒரு மாதம் ஓட்டினால் விளிம்பெல்லாம் போய்விடும், அடுத்த நவம்பருக்கு மிஞ்சாது. சீலன்ட்டை வடித்து, உள்ளே ஒட்டிய பாலாடையை உரித்து, வெறும் தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்துங்கள். மடிக்காமல், வெயிலும் ஹீட்டரும் படாத இடத்தில் தொங்கவிடுங்கள். எது முன்னால் இருந்தது, எந்த பிஎஸ்ஐயில் நன்றாக ஓடியது என்று ஒரு மாஸ்கிங் டேப்பில் எழுதிப் பக்கச்சுவரில் ஒட்டிவிடுங்கள்.